அமலோற்பவம் என்று ஒரு மணி

மணியை இறக்குகிற அன்று காலையில் கோயில் முற்றத்தில் கோணிச் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வைத்திருந்தார்கள். பிறந்த பிள்ளையைக் கிடத்தப் பழந்துணி விரிக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

சங்கிலிக் கப்பி கிறீச்சிட்டது. கோபுரத்துச் சன்னலில் முதலில் மணியின் வாய் தெரிந்தது. அப்புறம் இடுப்பு, அப்புறம் தோள். இத்தனை வருஷம் புறா எச்சத்திலும் வௌவால் நாற்றத்திலும் தொங்கிக் கிடந்தது, வெயிலில் ஆடி ஆடி இறங்கியது.

"ஆயா, தள்ளி நில்லுங்க. சங்கிலி அறுந்தா உங்க மேலதான் வுழும்" என்றான் கப்பி இழுக்கிறவன்.

"வுழட்டும். அது என்னுது" என்றேன்.

"கோயில் மணி எப்படீங்க ஆயா உங்குளுது ஆவும்?" என்று சிரித்தான். அவன் வெளியூர்க்காரன். அவனுக்கு என்ன தெரியும்.

மணி சாக்கில் உட்கார்ந்ததும் கிட்டே போய், முந்தானையால் எச்சத்தைத் துடைத்து, விரலை வைத்துத் தடவினேன். எனக்குக் கண் மங்கிவிட்டது. விரலுக்கு இன்னும் மங்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தட்டுப்பட்டது.

"அமலோற்பவம். ஆரோக்கியசாமி குடும்பத்தார் உபயம்."

எழுத்துக்குப் பக்கத்தில் வாயிலிருந்து மேலே ஏறியிருந்தது ஒரு விரிசல். தலைமுடி கனம்தான் இருக்கும். கையால் அடிக்கிற காலத்தில் இல்லாத விரிசல். மோட்டார் சுத்தியல் வைத்த பிறகு ஒரே இடத்தில் அடி வாங்கி அடி வாங்கி வந்தது. இந்த இரண்டு வருஷமாக மணி தகரத்தைத் தட்டுகிற மாதிரிக் கத்தியது. அதனால்தான் இறக்கினார்கள். உருக்கிப் புது மணியில் சேர்த்துவிடப் போகிறார்கள்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் மாமரத்துச் சண்டையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கடத்தூர்ச் சந்தையில் இரண்டு பேர் என்னை நிறுத்திச் சிரித்தார்கள். அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் சிரிக்கிற விஷயம் கொஞ்சம்தான்.

கோபுரத்தில் மூன்று பேர்

ஆயர் இருக்கிற கோயிலைத்தான் பேராலயம் என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் ஊர்ச் சனத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. எங்களுக்கு எங்கள் கோயில்தான் பேராலயம். பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் பஸ்ஸில் வரும்போதே கோபுரம் தெரியும். தெரிந்ததும் எங்கள் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள், கண்டக்டர் டிக்கெட் கேட்டாலும் முடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அதில் மூன்று மணி. பெரியது, கோயில் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் ஊரிலிருந்து கப்பலில் வந்தது. அதைச் சுற்றி அந்த நாட்டு எழுத்து. அதைக் கொடுத்தவள் மார்கரீத்தா என்கிற ஒரு விதவைப் பெண் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னாராம். அவள் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் மார்க்கரேத்து என்று பெயர் உள்ளவர்கள் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே நாலு பேர். "எந்த மார்க்கரேத்து?" என்று கேட்டால், "மாடு வெச்சிருக்கிற மார்க்கரேத்து, பல்லு போன மார்க்கரேத்து" என்றுதான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

நடு மணி, பெரிய வூட்டுக்காரர்கள் கொடுத்தது. ஊரில் நிலம் அதிகம் வைத்திருந்த குடும்பம். அவர்கள் அப்பன் பேர், பாட்டன் பேர், அவருடைய அப்பன் பேர் எல்லாவற்றையும் மணியில் போட்டுவிட்டு, கடைசியில் தேவமாதா பேருக்கு இடம் போதாமல் சின்ன எழுத்தாகப் போட்டார்கள்.

மூன்றாவது சின்ன மணி எங்களுடையது.

ஊரில் யாராவது இறந்தால் ஆம்பிளைக்குப் பெரிய மணி, பொம்பிளைக்கு நடு மணி, பிள்ளைகளுக்குச் சின்ன மணி. சின்ன மணி வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கும் நடு மணிதான். அடிக்கிற மணியை வைத்தே வயலில் நிற்கிறவன் தெரிந்துகொள்வான். தலையில் கட்டின துண்டை அவிழ்த்து, "யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே வரப்பில் வருவான்.

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு எந்த மணியும் இல்லை.

சவரியாயி

எனக்கு முதல் பிரசவம். புளி உலுக்குகிற காலம். என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி, மாமனார், மாமியார் எல்லாரும் மரத்தடியில் இருந்தார்கள். எனக்கு நாள் இன்னும் இருக்கிறது என்று நம்பி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மத்தியானம் வலி எடுத்தது. பக்கத்து வீட்டுப் பழனியம்மாதான் ஓடிப்போய்ச் சவரியாயியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனாள்.

சவரியாயி காலனியில் இருந்தவள். எங்கள் வேதக்காரிதான். ஆனால் கோயிலுக்குள் அவர்கள் சனம் இடது கைப்பக்கம், நாங்கள் வலது கைப்பக்கம். கல்லறையிலும் அப்படித்தான். என்னைவிட இருபது வயசு மூத்தவள். நான் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் என்னை அம்மா என்பாள். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

இந்தச் சுற்றுவட்டத்தில் பிள்ளை பிடிக்க அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கைக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். வலி வருகிற நேரம் மட்டும் பேச்சை நிறுத்துவாள். "கத்துங்கம்மா, நல்லாக் கத்துங்க. ஆம்பிளைங்க காதுல வுழட்டும்" என்றாள் என்னிடம்.

"ஆம்பிளைங்கதான் மரத்துமேல இருக்காங்களே" என்றேன்.

"அப்ப இன்னும் நல்லாக் கேக்கும்" என்றாள். அந்த வலியிலும் சிரித்தேன்.

பெண் பிள்ளை. பிறந்ததும் அழவில்லை. சவரியாயி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் விரல் விட்டுச் சளி எடுத்தாள், ஊதினாள். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். உதடு நீலமாக இருந்தது.

சொம்புத் தண்ணீர்

வேதக்காரர் அல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சாமியார்தான் ஞானஸ்நானம் கொடுப்பார், பிள்ளைக்குப் பொறுப்பாக ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் பக்கத்தில் நிற்பார்கள். ஆனால் பிள்ளை பிழைக்காது போலத் தெரிந்தால் யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, அதற்கான வார்த்தைகளைச் சொன்னால் போதும். அதற்காகவே சாமியார்கள் மருத்துவச்சிகளுக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்து, பிசகாமல் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சவரியாயி அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊற்றியிருக்கிறாள்.

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, கழுவின கையை மறுபடியும் கழுவினாள்.

"அம்மா, புள்ள தங்குமான்னு தெரியல. தண்ணி ஊத்திடறேன். பேரு என்னான்னு சொல்லுங்க."

பேர் எனக்குத் தயாராக இருந்தது. ஆறு மாசமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். "அமலோற்பவம்" என்றேன். அவள் சொம்பைத் தூக்கினாள்.

"வேண்டாம், வை" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள்.

"சேலத்துலருந்து எங்க அண்ணன் வருவாரு, ஞானத்தகப்பனா நிக்க. மேளம் சொல்லியாச்சு. பெரிய கோயில்ல, சாமியார் கையாலதான் எம்புள்ள ஞானஸ்நானம் வாங்கும். உங் கையால வேண்டாம்."

உன் கையால வேண்டாம் என்றேன். என் பிள்ளையை வெளியே எடுத்ததே அந்தக் கைதான். தொப்புள்கொடி அறுத்த கை. மூச்சு வர வைத்த கை. அதெல்லாம் ஆகும், தண்ணீர் மட்டும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை. வீட்டில் அப்போது பெரியவர்கள் ஒருவரும் இல்லை. நானே சொன்னேன்.

சவரியாயி சொம்பைக் கீழே வைத்தாள். போகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பி, "சாமியாரயாச்சும் இப்பவே வரச் சொல்லுங்கம்மா" என்றாள். சாமியார் சித்தேரி மலைக்குப் பூசைக்குப் போயிருந்தார். மறுநாள்தான் வருவார். வரட்டும் என்று இருந்தேன். பொழுது சாய்ந்து வீடு திரும்பியவர்களிடமும் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் பால் கறக்கிற நேரத்துக்கு என் பிள்ளை போய்விட்டது.

வேலி

என் வீட்டுக்காரர் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். கல்லறைக்கு வெளியே, கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் குழி வெட்டினார்கள். சிலுவை இல்லை. மணி இல்லை. வயலில் ஒருவரும் துண்டை அவிழ்க்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் அவர் சவரியாயியை வரச் சொல்லிக் கேட்டார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். அன்றைக்குப் போட்டார்.

"ஏன் சவரியாயி ஊத்தல? உனக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்குத் தோணலீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் வாயைத் திறந்திருக்கலாம். பால் கட்டிக்கொண்டு மார் வலித்தது, காய்ச்சல் அடித்தது. ஆனால் பேச முடியாத அளவுக்கு ஒன்றும் இல்லை. குடிக்க இன்னொரு சொம்புத் தண்ணீர் கேட்கிற அளவுக்குப் பேச முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் எல்லார் முன்னாலும் அவளைக் கண்டித்தார். அதற்குப் பிறகு வேதக்காரர் வீடுகளில் அவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. "புள்ளய மோட்சத்துக்கு அனுப்பாதவ" என்று கிணற்றடியில் சொல்வார்கள். அவள் புளி உடைக்கிற கூலிக்குப் போனாள். விளக்கெண்ணெய் தடவிய அந்தக் கை புளி உடைத்துக் கறுத்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் புளியையும் அவள்தான் உடைத்தாள்.

இப்போது கல்லறையை அகலப்படுத்திக் காம்பவுண்டு கட்டிவிட்டார்கள். என் பிள்ளை கிடக்கிற இடம் உள்ளே வந்துவிட்டது. வேலிதான் நகர்ந்தது. பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறாள்.

ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பிற்பாடு வந்த ஒரு ஃபாதர் சொன்னார். நல்ல மனுஷர். ஆனால் அதைக் கேட்டு அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

வெண்கலத்துக்குப் பேர் வைத்தது

நாலைந்து வருஷம் போயிற்று. அதற்குள் எனக்கு ஒரு பையன், ஆஸ்பத்திரியில் பிறந்தான். கோபுரத்தில் மூன்றாவது மணிக்கு இடம் காலியாக இருக்கிறது, யார் கொடுக்கிறீர்கள் என்று கோயிலில் கேட்டார்கள். நான் எழுந்து நின்றேன். பொம்பிளை எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"பெரிய வூட்டுக்குப் போட்டியா?" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டேன். என் அம்மா வீட்டுச் சீர் வெண்கலப் பானை, கும்பா, குத்துவிளக்கு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் அந்த வருஷத்து நிலக்கடலை முழுவதையும் கொடுத்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வழக்கத்தில் மணியைக் கட்டுவதற்கு முன்னால் அதற்கும் ஒரு ஞானஸ்நானம் உண்டு. உள்ளும் புறமும் தண்ணீர் விட்டுக் கழுவி, எண்ணெய் பூசி, அடியில் சாம்பிராணி போட்டு, வெள்ளைத் துணி கட்டிப் பேர் வைப்பார்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் உண்டு.

வேடிக்கை பார்க்க வந்த பழனியம்மா, "மனுசனுக்குத்தான் பேரு வெப்பீங்கன்னு பாத்தா, வெண்கலத்துக்கும் வெக்கிறீங்களே! காது குத்துவீங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சேலத்திலிருந்து அண்ணன் வந்தார். மேளம் வந்தது. சாமியார் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேர்?" என்று கேட்டார்.

"அமலோற்பவம்" என்றேன்.

தண்ணீர் மணியின் மேல் விழுந்து, எழுத்துப் பள்ளங்களில் தேங்கி, வழிந்து சொட்டியது.

கூட்டத்தில் கடைசியில், இடது கைப்பக்கத் தூணோரம் சவரியாயி நின்றிருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பேரை என் வாயால் அதற்கு முன்னால் கேட்டவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது வெறும் மணியின் பேர். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். அவர் சாகிற வரைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் அமலோற்பவம் அடித்தாள். அடுப்படியில் இருந்தாலும், களையெடுத்துக்கொண்டிருந்தாலும் கையை நிறுத்துவேன். பிள்ளை கூப்பிட்டால் எந்தத் தாய்தான் நிறுத்தமாட்டாள். ஆனால் அதே சத்தம் காலனியிலும் கேட்டிருக்கும். அவள் எதை நிறுத்திவிட்டு நின்றாளோ, என்ன நினைத்தாளோ. நான் போய்க் கேட்டதில்லை. அவள் இறந்தபோது நடு மணி அடித்தார்கள். நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

மறுபடியும் முற்றம்

மணி சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா. அப்போது இப்போதைய ஃபாதரும், கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் செயலாளரும் என்னிடம் வந்தார்கள். ஃபாதர் சின்ன வயசு. செயலாளர் பேர் ரோஸ்லின். நர்ஸ் வேலை பார்க்கிறாள், டூட்டிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். சவரியாயியின் மகன் வழிப் பேத்தி அவள். இப்போது கோயிலில் இடது வலது கிடையாது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கூட்டமும் நடக்காது.

"பாட்டிம்மா, புது மணியில பழைய உபகாரிங்களுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கோம். அதே எழுத்தைப் போட்டுடலாமா?" என்றார் ஃபாதர்.

ரோஸ்லின் குனிந்து எழுத்தைப் படித்தாள். "பேரு நல்லா இருக்குதே ஆயா. யாரு அமலோற்பவம்? உங்க அம்மாவா?"

எத்தனையோ வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

"எம் மூத்த புள்ள" என்றேன்.

அவள் முகம் மாறியது. "தண்ணி ஊத்தாமப் போன புள்ளயா?" மெதுவாகத்தான் கேட்டாள். "எங்க ஆயாவ அதச் சொல்லித்தான் பேசுவாங்க. பள்ளிக்கூடத்துல என்னையும் சொல்லுவாங்க, மோட்சத்துக்கு அனுப்பாதவ பேத்தின்னு. அந்த ஆத்திரத்துலதான் நர்சுக்கே படிச்சேன்."

ஃபாதர் தரையைப் பார்த்தார். நான் மணியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். சொம்பு, கை கழுவினது, மறுபடி கழுவினது, நான் சொன்ன வார்த்தை, சுவரைப் பார்த்தது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

ரோஸ்லின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"அஞ்சு நிமிசம் ஆச்சுங்களா ஆயா சொல்றதுக்கு?" என்றாள்.

"உங்க ஆயாவும் சொல்லலயே கண்ணு..."

"சொன்னா யாரு நம்பியிருப்பாங்க?"

நான் ஃபாதரிடம் திரும்பினேன். "அந்த ஒரு வரியில சவரியாயி பேர் போடுங்க சாமி. எங்க குடும்பத்துப் பேர் வேண்டாம்" என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

ரோஸ்லின்தான் தலையை ஆட்டினாள். "வேண்டாங்க ஃபாதர்." என்னைப் பார்த்து, "மேல ஏத்திட்டா யாரு ஆயா படிக்கப் போறாங்க, வவ்வாலா? எங்க ஆயாவப் பேசுனது கீழதானுங்களே. கெணத்தடியில, கல்யாண வூட்டுல, புளி உடைக்கிற எடத்துல. நீங்க சொல்றதா இருந்தா கீழ சொல்லுங்க" என்றாள்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

புது மணியில் அமலோற்பவம் என்கிற பேர் மட்டும் இருக்கட்டும், உபயம் என்று ஒருவர் பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மணி லாரியில் ஏறிப் போய்விட்டது. மற்ற இரண்டும் பூசைக்கும் சாவுக்கும்தான், இப்போது மூன்று வேளையும் கோபுரம் சும்மா இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என் கை மட்டும் தானாக நின்றுகொள்கிறது.

கிணற்றடியில் பேசியவர்கள் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை. கிணறும் இல்லை. ஆனால் இந்தப் பத்திரிகை எங்கள் ஊர் டீக்கடைக்கு வருகிறது, முடிவெட்டும் கடைக்கு வருகிறது, பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் தொங்குகிறது. நான் எழுதுவது மெதுவாக. ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். இந்தக் கடைசி வரிகளுக்கு அதைவிட அதிகமாக ஆயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும்.

சவரியாயி சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து நின்றாள். வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். பேரும் தெரியும். வேண்டாம் என்று சொன்னவள் நான்.